கோழியில்லாத வீட்டுக்குத் தவிடு

எங்கள் மேலாளர் ஒரு வெள்ளைத்தாளில் நெல்மணி ஒன்றைப் பெரிதாக வரைந்தார். உமிக்கும் அரிசிக்கும் நடுவே இருந்த மெல்லிய இடத்தைப் பென்சிலால் தீட்டிக் காட்டி, "இது. இதுதான் வேண்டும்" என்றார்.

இரண்டு நாளைக்கு முன்புதான் அவர் கேட்டதைத் தவறாக வாங்கி வந்து அசடு வழிந்திருந்தேன். அகராதியைப் பார்த்து அவர் சொன்ன இங்கிலீஷ் வார்த்தையைக் குறித்துக்கொண்டு போய், டவுனில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டில், பாலில் போட்டுச் சாப்பிடும் காலை உணவு டப்பா ஒன்றை வாங்கி வந்தேன். அதில் காய்ந்த திராட்சை வேறு கலந்திருந்தது. மேலாளர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திறந்து முகர்ந்தார். ஒரு கை அள்ளி மரியாதைக்காக என் எதிரிலேயே மென்றார். பிறகு நன்றி சொல்லி மூடி வைத்துவிட்டார்.

இது எண்பதுகளின் நடுவில். பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில், ஆள் சேர்க்கும் பிரிவில் டைப்பிஸ்டாக இருந்தேன். வயது இருபத்திரண்டு. டத்தோ கிராமாட்டில் எங்கள் வீடு. காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் வரும். எங்கள் பிரிவில் யாருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. அவர்கள் இங்கிலீஷும் எங்கள் இங்கிலீஷும் வழியில் எங்காவது சந்தித்துக்கொண்டால் வேலை நடக்கும்.

மேலாளரின் மனைவி நான்கு மாதத்துக்கு முன்புதான் பினாங்குக்கு வந்திருந்தார். ஆபீசில் அவரை ஒகுசான் என்போம். அடுத்தவர் மனைவியை ஜப்பானில் அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்களாம். தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் அவர்களுக்குக் கடல் பார்த்த ஃபிளாட். அவர் வெளியே வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வருகிறார் என்று மேலாளர் சொன்னார். ஜப்பானிலிருந்து ஊறுகாய் போடும் ஜாடி ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தாராம். அதில் தவிட்டை உப்புநீரில் பிசைந்து, காய்கறியைப் புதைத்து வைத்து எடுப்பார்கள். இந்த ஊர் வெயிலில் முதல் மாதமே அது கெட்டுப்போய்விட்டது. புதிதாகப் போடத் தவிடு எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. மேலாளருக்கும் தெரியவில்லை. அம்மாவைக் கேட்கும் வரை எனக்கும் தெரியவில்லை.

அன்று சாயந்திரம் படத்தை அம்மாவிடம் காட்டினேன்.

"இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? தவுடு. டெடாக்குன்னு மலாயில சொல்லுவாங்க. கோழிக்குப் போடறது" என்றாள் அம்மா.

"அவங்க அதுல ஊறுகா போடுவாங்களாம்மா."

அம்மா கேட்டதை நம்பவில்லை. "நீ சரியா கேட்டியா? திராட்சை வாங்கிட்டுப் போன ஆளுதானே நீ."

தவிடு வேண்டுமென்றால் கடலைத் தாண்டிப் போகவேண்டும், புக்கிட் மெர்தாஜாம் பசாரில் தீவனக் கடைகள் இருக்கின்றன என்றும் அம்மாதான் சொன்னாள். மறுநாள் மேலாளரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே அனுப்ப அவர் கம்பெனி கெரேத்தாவையும் டிரைவரையும் தருவதாகச் சொன்னார். ஆனால் ஞாயிறு காலை ஒகுசானே வந்துவிட்டார், நானும் வருகிறேன் என்று. பாலம் அப்போது புதிது. கார் அதில் போனால் சீக்கிரம் போகலாம். அவர் கடலைக் காட்டி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "கப்பல்" என்றார். ஃபெர்ரியைச் சொன்னார். காரை அனுப்பிவிட்டு ஃபெர்ரியிலேயே போனோம்.

அவரை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கை வரை வெள்ளைக் கையுறை, குடை, அகல விளிம்புத் தொப்பி. ஃபெர்ரியில் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். நான் வெயில் பக்கம் நின்றேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் குடைக்குள் சேர்த்துக்கொண்டார். என் முகத்தை உற்றுப் பார்ப்பது தெரிந்தது. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்கு முந்தின வருஷம் எனக்கு அம்மை போட்டிருந்தது. அந்த வயதில் போட்டால் கடுமையாகத்தான் இருக்கும். இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் குழிகுழியாகத் தழும்பு நின்றுவிட்டது. தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். நான் பவுடரைத் தடிமனாக அப்பிக்கொண்டு வேலைக்குப் போவேன். மத்தியானத்துக்குள் அது வியர்வையில் கரைந்து குழிகளில் மட்டும் வெள்ளையாக நிற்கும்.

புக்கிட் மெர்தாஜாமில் நாங்கள் போன தீவனக் கடைக்காரர் பனியன் போட்ட வயதான சீனர். டெடாக் வேண்டும் என்று மலாயில் கேட்டேன்.

"எத்தனை கோழி இருக்கு?" என்றார் அவர்.

தொப்பியும் கையுறையுமாக ஓர் அம்மாளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு என்ன சொல்வது? "பத்து" என்று சொல்லிவைத்தேன்.

"முட்டைக்கா, கறிக்கா?"

கோழி என்ற மலாய் வார்த்தை மட்டும் ஒகுசானுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. "ஆயாம் இல்லை, ஆயாம் இல்லை" என்று கையை ஆட்டினார். பிறகு தன் வாயைக் காட்டினார். அடுத்து கன்னத்தைக் காட்டித் தேய்ப்பதுபோல் செய்தார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். ஒகுசானைப் பார்த்தார். உள்ளே திரும்பித் தன் மனைவியை ஹொக்கியென் பாஷையில் கூப்பிட்டார். அந்த அம்மாளும் வந்து பார்த்தாள். இருவரும் சிரித்த சிரிப்பில் கடையில் இருந்த வாத்துக்குஞ்சுகள் எல்லாம் கத்த ஆரம்பித்தன. சிரித்து முடித்ததும் கடைக்காரர் பிரித்திருந்த தவிட்டு மூட்டையைக் கட்டிப் பழையபடி ஓரமாக வைத்துவிட்டார்.

"இது பழசு. மனுஷன் தின்னக் கூடாது. நேரா மில்லுக்குப் போ, இப்போ அறுவடை, இன்னைக்கும் ஓடும்" என்று சொல்லி, தன் மகனின் லாரியில் எங்களை ஏற்றிவிட்டார்.

மில்லில் தவிடு ஒரு குழாய் வழியாக மாவுபோல் விழுந்துகொண்டிருந்தது. தொட்டால் சூடாக இருந்தது. ஒகுசான் கையுறையைக் கழற்றிக் கைப்பையில் வைத்தார். ஒரு கை அள்ளி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் பேச ஆரம்பித்தார். ஜப்பானிய மொழியில்தான். எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது என்பது அவருக்கும் தெரியும். ஃபெர்ரி வரும்வரை, ஃபெர்ரியிலும், டாக்சியிலும் பேசிக்கொண்டே வந்தார். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

ஃபிளாட்டில் என்னைப் போகவிடவில்லை. தவிட்டை இருப்புச்சட்டியில் போட்டு லேசாக வறுத்தார். அந்த வாசனை எங்கள் வீட்டில் புட்டுக்கு மாவு வறுக்கும்போது வருவதுதான். உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், கறுப்பாகக் காய்ந்த கடற்பாசித் துண்டு, பிறகு காய்ந்த மிளகாய். மிளகாயைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. இதெல்லாம் நமக்குத் தெரிந்த சமாசாரம்தான் என்று தோன்றியது. எல்லாவற்றையும் ஜாடியில் கையால் பிசைந்து, முட்டைக்கோஸ் இலையைப் புதைத்து மூடினார். தினமும் கைவிட்டுக் கிளற வேண்டும், இந்த ஊரில் இரண்டு வேளை, என்று விரலால் காட்டினார்.

மீந்த தவிட்டில் கொஞ்சத்தை ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு முடிச்சுப் போட்டார். வெந்நீரில் நனைத்துப் பிழிந்ததும் பால்போல் வந்தது. என் முகத்தில் இருந்த பவுடரைத் துடைத்துவிட்டு, பையால் ஒற்றினார். தேய்க்கவில்லை, ஒற்றினார். பிறகு கண்ணாடி மேசைக்கு முன் உட்காரவைத்தார். வரிசையாகக் குப்பிகள் இருந்தன. அந்தக் குப்பிகளை டவுன் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறேன். ஒன்றைத் திறந்து தண்ணீர்போல் இருந்த எதையோ உள்ளங்கையில் ஊற்றி என் கன்னத்தில் தட்டினார்.

நான் தழும்பைக் காட்டி இங்கிலீஷில் கேட்டேன். "இது போயிடுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்ததாகத்தான் இன்றும் நினைக்கிறேன். "போகாது" என்றார். "தழும்பு போகாது. தோல் சந்தோஷமாக இருக்கும்."

அதுவரை என்னிடம் எல்லாரும் போய்விடும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். டாக்டர், மருந்துக்கடைக்காரர், பக்கத்து வீட்டு அக்கா, அம்மா. எனக்கு அழுகை வரவில்லை. கண்ணாடியில் என் முகத்தை ரொம்ப நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தேன்.

அதன்பிறகு வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்து அங்கே போவேன். மேலாளரே கேட்டுக்கொண்டார், ஒகுசானுக்குப் பேச்சுத்துணையாக இருக்கும் என்று. ஜாடி இரண்டாவது வாரம் புளிக்கத் தொடங்கியது. வெள்ளரிக்காய், கத்தரிக்காய், முள்ளங்கி. இரவு புதைத்தால் காலையில் தயார். ஒகுசான் சாப்பிட ஆரம்பித்துவிட்டார் என்று மேலாளர் ஆபீஸ் வாசலில் நின்று எனக்கு இடுப்பு வளையக் குனிந்து வணக்கம் சொன்னார். அதைப் பார்த்த மற்ற கிளார்க்குகள் ஒரு வாரம் எனக்குக் குனிந்து குனிந்து வணக்கம் போட்டார்கள்.

ஒருநாள் கத்தரிக்காய் ஊறுகாயை அம்மாவுக்குக் கொண்டுபோனேன். அம்மா மூக்கருகே கொண்டுபோய், "புளிச்ச கஞ்சி வாசம் அடிக்குது" என்றாள். அரைத் துண்டு கடித்தாள். மறுபாதியையும் தின்றாள். "உப்பு சரியா இருக்கு" என்றாள். அம்மாவிடம் இதற்கு மேல் யாரும் பாராட்டு வாங்கியதில்லை. "வெறுங்கையோட போகாதே, இதைக் குடு" என்று பதிலுக்கு ஒரு டப்பாவில் பயத்தம் மாவு கொடுத்தனுப்பினாள். முகத்துக்கு. மஞ்சளும் கலந்திருந்தது.

கஸ்தூரி மஞ்சள் தீர்ந்துபோய், அம்மா அதில் சமையல் மஞ்சளைக் கலந்திருந்தது எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். "மிஸ், என் மனைவி மஞ்சளாக இருக்கிறார்" என்றார். முகத்தில் கவலையா சிரிப்பா என்று தெரியவில்லை. "ஈரலில் கோளாறு என்று டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் இந்தியர். முகர்ந்து பார்த்துவிட்டு, சாம்பார் எப்படி இருந்தது என்று கேட்டார்."

வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஐயையோ, வெள்ளைத் தோலு, புடிச்சிக்கிட்டிருக்கும்லா! உன் வேலைக்கு உலை வச்சிட்டேனே!" என்று புலம்பியபடி, எலுமிச்சம்பழமும் தயிரும் எடுத்துக்கொண்டு அப்போதே என்னோடு கிளம்பிவிட்டாள்.

ஒகுசான் கதவைத் திறந்தார். முகம், கழுத்து, உள்ளங்கை எல்லாம் மாம்பழ மஞ்சள். அம்மாவைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவுக்கும் தாங்கவில்லை. பாஷை தெரியாத இரண்டு பெண்கள் வாசலிலேயே கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிறகு அம்மா அவரை உட்காரவைத்துத் தயிரைத் தடவிவிட்டாள். "கண்ணை மூடிக்கோ தங்கச்சி" என்று தமிழிலேயே சொன்னாள். அவரும் மூடிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் அம்மாவை "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தார். அக்கா என்றால் மூத்தவள் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்குக் கவர்மெண்ட் ஆபீசில் வேலை. அம்மாவின் சொந்தத்தில் ஒரு மாமா கொண்டுவந்த இடம். காலையில் அம்மா பவுடர் டப்பாவோடு என் முன் நின்றாள்.

"வேணாம்மா."

"கொஞ்சமாச்சும் போட்டுக்கடி. மறைக்க வேணாமா?"

"நாளைக்கு முகம் கழுவும்போது தெரியத்தானே போகுது."

அம்மா பவுடரை மூடிவைத்தாள். நான் கழுவின முகத்தோடு காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். பையனின் அம்மா நல்ல மாதிரிதான். "அம்மை போட்டுச்சாம்மா?" என்று கேட்டார். "ஆமா ஆன்ட்டி, போன வருஷம்" என்றேன். பலகாரம் சாப்பிட்டார்கள், சிரித்துப் பேசினார்கள், போனார்கள். நான்கு நாள் கழித்து மாமா வந்து, பையனுக்கு இப்போதைக்குக் கல்யாண யோசனை இல்லையாம் என்றார். அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவப் பாத்திரம் எதுவும் அங்கே இல்லை.

நான் தைரியமாகத்தான் இருந்தேன் என்று சொல்ல ஆசை. இல்லை. மறுநாள் டைப் அடிக்கும்போது ஒரே கடிதத்தை மூன்று முறை கெடுத்தேன். சாயந்திரம் ஒகுசானிடம் போய்ச் சொன்னேன். எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. ஒரு கிண்ணத்தில் சோறு போட்டார். அதன்மேல் சூடான பச்சைத் தேநீரை ஊற்றினார். ஓரத்தில் ஊறுகாய்த் துண்டுகளை வைத்து என் கையில் கொடுத்தார். ஜப்பானில் உடம்போ மனசோ சரியில்லாதபோது இதைத்தான் சாப்பிடுவார்களாம். சோற்றில் தேநீரா என்று நினைத்துக்கொண்டே வாயில் வைத்தேன். கஞ்சியும் ஊறுகாயும்தான். கிண்ணத்தைக் காலி செய்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்து வந்தார். "நீ எனக்குப் பசார் காட்டினாய். நான் உனக்கு ஜப்பான் மொழி காட்டுகிறேன்" என்றார். அன்றே தொடங்கினோம். முதல் பாடம் சமையலறையில். உப்பு, தண்ணீர், அரிசி, கை. வினைச்சொல் கடைசியில் வரும் என்று அவர் விளக்கப் படாதபாடு பட்டார். எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. தமிழிலும் அப்படித்தானே. "சோறு சாப்பிட்டேன்" என்று நாம் சொல்லும் வரிசையிலேயே அவர்களும் சொல்கிறார்கள். இங்கிலீஷ் படிக்கப் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தால் இது அவிழ்த்துப் போட்ட மூட்டைபோல் இருந்தது. ஆறு மாதத்தில் பேசினேன். ஒரு வருஷத்தில் எழுத்து ஓரளவு வந்தது. நான் பேசும் ஜப்பானிய மொழியில் ஊறுகாய் வாசனை அடிக்கிறது என்று மேலாளர் கிண்டல் செய்வார். ஆபீசில் புழங்கும் வார்த்தை ஒன்றும் எனக்குத் தெரியாது. கத்தரிக்காய்க்கும் கன்னத்துக்கும் வேண்டியதெல்லாம் தெரியும்.

அதுவும் உதவும் என்று தெரிய ஒருநாள் வந்தது. ஜப்பானிலிருந்து வந்த ஓர் இன்ஜினியர், ஒரு வரிசையில் மட்டும் உற்பத்தி குறைகிறது, பெண்கள் கவனமில்லாமல் இருக்கிறார்கள் என்று குறை சொன்னார். உற்பத்திப் பிரிவில் வழக்கமாக மொழிபெயர்ப்பவர் வேலையை விட்டுப் போயிருந்தார். மேலாளர் என்னை அழைத்தார். போனேன். இன்ஜினியர் சொன்னதில் பாதி புரிந்தது. அதை அந்த வரிசையில் இருந்த ஓர் அக்காவிடம் சொன்னேன்.

"கவனமில்லையா?" என்றார் அக்கா. "நல்லா கேளு தங்கச்சி. பார்ட்ஸ் வைக்கிற தட்டு இடது பக்கமா வருது. ஒவ்வொரு தட்டுக்கும் உடம்பத் திருப்பி எடுக்கிறோம். மத்தியானத்துக்குள்ள இடுப்பு விட்டுப்போவுது. அவர ஒரு மணி நேரம் உக்காந்து பாக்கச் சொல்லு."

தட்டுக்கு ஜப்பானிய வார்த்தை தெரியும், சமையலறையில் கற்றது. இடுப்பும் தெரியும். உட்காருங்கள் என்பதும் தெரியும். மூன்றையும் சேர்த்துச் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன் என்று நம்புகிறேன். இன்ஜினியர் என்னையே பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு, அந்த அக்காவின் முக்காலியில் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் தட்டு எடுத்து வைத்தார். எழுந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வரிசை முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் தட்டு வலது பக்கமாக வந்தது.

அதற்கப்புறம் டைப்பிங் மேசைக்கு நான் திரும்பவில்லை. மொழிபெயர்ப்பாளர் என்று போட்டுக் கடிதம் கொடுத்தார்கள். மறு வருஷம் ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பினார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று மாமா வந்து கேட்டார். அம்மா அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "அவ போறா அண்ணே, டிக்கெட்டு வந்தாச்சி" என்று மட்டும் சொன்னாள். என் முப்பதாவது வயதில் எனக்குக் கல்யாணம் ஆனது. நானும் மாப்பிள்ளையுமே பேசி முடிவு செய்தோம், யாரும் பெண் பார்க்க வரவில்லை.

நான் ஜப்பானுக்குக் கிளம்பிய அன்று விமான நிலையத்துக்கு அம்மாவும் ஒகுசானும் வந்திருந்தார்கள். இருவரும் ஆளுக்கொரு பொட்டலத்தை என் பையில் திணித்தார்கள். அங்கே குளிராக இருக்கும், தோல் வெடிக்கும் என்று ஒகுசான் ஜப்பானிய மொழியில் சொன்னார். அம்மா என்ன என்று கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். "தேங்கா எண்ணெ வச்சிருக்கேன்னு சொல்லு" என்றாள் அம்மா. அதை ஜப்பானிய மொழியில் சொன்னேன். அவர்கள் இரண்டு பேரும் அடுத்து எதையோ ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள். யாருடையதை முதலில் சொல்வது என்று தெரியாமல் நான் நடுவில் நின்றேன். பயணிகளை உள்ளே கூப்பிட்டார்கள்.